நஞ்சோடு வாழும் உடல்: விலங்குகள் மாசை எப்படித் தாங்குகின்றன, அதற்கு எதை இழக்கின்றன

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நியூ பெட்ஃபோர்டு என்று ஒரு துறைமுகம் இருக்கிறது. 1940களிலிருந்து 1970கள் வரை அங்கிருந்த மின்சாதன ஆலைகள் பிசிபி என்ற வேதிப்பொருளைக் கடலில் கொட்டித் தீர்த்தன. மின்தேக்கிகளுக்குள் அப்போது ஊற்றப்பட்ட எண்ணெய் மாதிரியான பொருள் அது. எளிதில் சிதையாது, சேற்றில் படிந்து அப்படியே கிடக்கும். அந்தச் சேற்றின் மேல் கில்லிஃபிஷ் என்ற மீன் கூட்டங்கூட்டமாக நீந்துகிறது. விரல் நீளம்தான் இருக்கும். சுத்தமான கழிமுகத்தில் வாழும் அதே இன மீனின் முட்டையை இப்படிப்பட்ட நஞ்சில் வைத்தால் கருவின் இதயம் சரியாக உருவாகாது, கரு செத்துவிடும். துறைமுகத்து மீனின் முட்டையோ பொரிந்து, குஞ்சு நீந்திப் போகிறது. இதுபோல மாசுபட்ட நான்கு கழிமுகங்களின் கில்லிஃபிஷ்களை ஆராய்ந்து 2016இல் ஒரு முடிவு வெளியானது: மற்ற மீன்களைக் கொல்லும் அளவைப் போல 8,000 மடங்கு வரை நஞ்சை இவை தாங்குகின்றன.

இதைப் படித்ததும், இயற்கை எப்படியும் சமாளித்துக்கொள்ளும் என்று ஒரு நிம்மதி வரும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்த மீனின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கப் பார்க்க அந்த நிம்மதி கரைந்துவிடுகிறது. எந்தத் தற்காப்பும் உடலுக்குச் சும்மா கிடைப்பதில்லை. வளர்வது, இனம் பெருக்குவது, நோயை எதிர்ப்பது, நஞ்சை முறிப்பது எல்லாவற்றுக்கும் ஒரே பையிலிருந்துதான் செலவு. ஒன்றுக்குக் கூடுதலாக எடுத்தால் இன்னொன்றுக்குக் குறையும்.

கல்லீரலின் பழைய வேலை

நஞ்சு என்பது விலங்குகளுக்குப் புதிதல்ல. தின்ன வரும் பூச்சியையும் மாட்டையும் விரட்டத் தாவரங்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கசப்பும் காரமும் நஞ்சும் செய்து வந்திருக்கின்றன. காட்டுத்தீயின் புகையும் பழையதுதான். அதனால் முதுகெலும்புள்ள விலங்குகளின் கல்லீரலில் நஞ்சை முறிக்கும் ஓர் ஏற்பாடு முன்பே இருக்கிறது. கொழுப்பில் கரையும் நஞ்சைச் சிறுநீரிலோ பித்தத்திலோ வெளியேற்ற முடியாது. அதை நீரில் கரையக்கூடியதாக மாற்ற வேண்டும். முதலில் சைட்டோகுரோம் பி450 என்ற நொதிக் குடும்பம் நஞ்சின் மேல் ஆக்சிஜனை ஏற்றி, பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி போலச் செய்து கொடுக்கிறது. அடுத்து குளுட்டாதயோன் போன்ற மூலக்கூறுகள் அந்தக் கைப்பிடியில் ஒட்டிக்கொள்கின்றன. அப்புறம் செல்லின் சவ்வில் இருக்கும் பம்ப் புரதங்கள் அதை வெளியே தள்ளிவிடுகின்றன.

இந்த வேலை எப்போதும் முழு வேகத்தில் நடப்பதில்லை. நஞ்சு வந்தால் மட்டும் முடுக்கிவிட ஓர் உணர்வுப் புரதம் இருக்கிறது. ஏஎச்ஆர் என்று அதற்குப் பெயர். வாசல் மணி மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். புகையில் இருக்கும் பென்சோபைரீன் போன்ற பொருள் வந்து தொட்டால் மணி அடிக்கும். நொதி உற்பத்தி தொடங்கும். நஞ்சு சிதைந்ததும் மணி நின்றுவிடும்.

இதில் இரண்டு இடங்களில் சிக்கல். பென்சோபைரீன் உள்ளே வரும்போது அவ்வளவு மோசமான பொருளில்லை. கல்லீரல் அதை முறிக்கப் போய், நடுவில் உருவாகும் ஒரு பொருள்தான் டிஎன்ஏவில் ஒட்டிக்கொண்டு புற்றுநோய்க்கு வழி செய்கிறது. காப்பாற்றப் புறப்பட்ட கையே கேட்டைச் செய்துவிடுகிறது. இரண்டாவது சிக்கல், குப்பை எரிப்பதிலும் ஆலைகளிலும் உருவாகும் டையாக்சினும் சில வகை பிசிபிகளும். இவையும் அதே மணியை அடிக்கின்றன, ஆனால் நொதிகளால் இவற்றை எளிதில் சிதைக்க முடிவதில்லை. மணி நிற்பதே இல்லை. உருவாகிக்கொண்டிருக்கும் கருவில் இப்படி ஓயாமல் மணி அடித்தால் இதயம் கோணலாகிறது. டையாக்சினின் கொடுமையில் பெரும்பங்கு உடலின் சொந்த எச்சரிக்கை ஏற்பாடு அடங்காமல் போவதால் வருவது.

அந்த மணி எவ்வளவு காலம் அடிக்கும் என்பதற்கு அலாஸ்காவில் ஒரு சாட்சி உண்டு. 1989 மார்ச்சில் எக்ஸான் வால்டீஸ் என்ற எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதிக் கசிந்தது. அந்தக் கரையோரத்தில் இரை தேடும் ஹார்லெகுயின் வாத்துகளின் கல்லீரலில் இந்த நொதியின் அளவு இருபது ஆண்டுகள் கழித்தும் கூடுதலாகவே இருந்தது. கரையைப் பார்த்தால் எல்லாம் சுத்தமாகிவிட்டது போலத் தெரிந்திருக்கும். வாத்தின் கல்லீரல் வேறு கதை சொன்னது.

சரி, கில்லிஃபிஷ் என்ன செய்தது? நஞ்சை முறிக்கும் ஆற்றலைக் கூட்டிக்கொள்ளவில்லை. மணியின் கம்பியை அறுத்துவிட்டது. நான்கு கழிமுகங்களிலும் ஏஎச்ஆரும் அதோடு சேர்ந்த மரபணுக்களும் வெவ்வேறு விதமாக மாறி, பலன் ஒன்றாகவே முடிந்திருக்கிறது: நஞ்சு வந்து தொட்டாலும் உடல் பதறுவதில்லை. நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் வாழும் டாம்காட் என்ற மீனிலும் இதே கதைதான். அதன் ஏஎச்ஆர் மரபணுவில் ஆறு டிஎன்ஏ எழுத்துகள் காணாமல் போயிருக்கின்றன. புரதத்தில் இரண்டு அமினோ அமிலங்கள் குறைந்ததால் நஞ்சு அதில் முன்போல் ஒட்டுவதில்லை. 2011இல் இது தெரியவந்தது. சில பத்தாண்டுகளில் நடந்த பரிணாமம் இது.

கம்பியை அறுத்த வீட்டுக்கு வேறு ஆபத்துகள் உண்டு. வர்ஜீனியாவின் எலிசபெத் ஆற்றில் மரத்துக்குப் பூசும் கிரியோசோட் கலந்த சேற்றில் வாழும் கில்லிஃபிஷ்களின் குஞ்சுகளைச் சோதித்தபோது, ஆக்சிஜன் குறைந்த நீரை அவை மற்ற மீன்களைவிட மோசமாகவே தாங்கின. அதே ஆற்றின் வளர்ந்த மீன்களின் கல்லீரலில் புற்றுக் கட்டிகள் நிறையவே காணப்பட்டன. இன்னொன்றையும் மறக்கக்கூடாது. கில்லிஃபிஷ்களின் எண்ணிக்கை மிக அதிகம். முதுகெலும்புள்ள உயிர்களில் மிக அதிகமான மரபு வேறுபாடு கொண்டவற்றில் இதுவும் ஒன்று. தப்பிக்கத் தேவையான மரபணு மாற்றம் ஏற்கனவே கூட்டத்தில் எங்கோ இருந்தது. சில நூறு மட்டுமே மிஞ்சியிருக்கும் ஒரு திமிங்கிலத்துக்கோ, பத்து ஆண்டுகளுக்கு ஒரு தலைமுறை காணும் பறவைக்கோ அந்த வசதி கிடையாது.

சிதைக்க முடியாததை ஒதுக்கி வைப்பது

கல்லீரலின் இந்தச் சிதைக்கும் வேலை கார்பனால் ஆன கரிமச் சேர்மங்களோடு சரி. காட்மியமும் பாதரசமும் ஈயமும் தனிமங்கள். எந்த நொதியாலும் அவற்றைச் சிதைக்க முடியாது. கட்டிப்போடலாம், மூலையில் ஒதுக்கலாம், வெளியே தள்ளலாம். அவ்வளவுதான்.

கட்டிப்போடும் வேலைக்கு மெட்டலோதயோனின் என்ற சிறிய புரதம் இருக்கிறது. 1957இல் குதிரையின் சிறுநீரகத்தில் அதைக் கண்டுபிடித்தார்கள். பாலூட்டிகளில் அதன் அறுபத்துச் சொச்சம் அமினோ அமிலங்களில் 20 சிஸ்டீன், ஒவ்வொன்றிலும் கந்தகம். உலோகத்தைக் கவ்விக்கொள்ளக் கந்தகத்தைப் போல ஒன்று கிடையாது. இந்தப் புரதத்தின் அன்றாட வேலை துத்தநாகத்தையும் தாமிரத்தையும் பங்கிட்டுக் கொடுப்பது. காட்மியம் வந்தால் அதையும் சேர்த்துப் பிடித்துவைக்கிறது. ஆனால் பிடித்துவைத்தது சிறுநீரகத்திலேயே சேர்ந்துகொண்டு போகிறது. இடம் தீர்ந்த பிறகு சிறுநீரகமே பழுதாகிறது.

சின்னஞ்சிறு உயிர்கள் இதைவிடச் சாமர்த்தியமாக ஒரு வழி கண்டிருக்கின்றன. மண்ணில் துள்ளித் திரியும் ஸ்பிரிங்டெயில் என்ற பூச்சி, காட்மியத்தைத் தன் குடலின் உள்சுவரில் சேர்த்துவைக்கிறது. தோலுரிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த உள்சுவரையும் சேர்த்தே கழற்றிப் போட்டுவிடுகிறது. ஈயச் சுரங்கங்களின் பக்கத்தில் வாழும் கூட்டங்களில் இந்தத் திறமை இன்னும் கூடுதலாக இருப்பதையும் பார்த்திருக்கிறார்கள்.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது நியூ கலிடோனியாத் தீவுகளின் கடற்பாம்பு. ஆமைத்தலைக் கடற்பாம்பு என்று சொல்லலாம். ஆளில்லாத பவளத் திட்டுகளில் அதன் உடம்பில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் இருக்கின்றன. நகரத்தையும் தொழிற்சாலைகளையும் ஒட்டிய கடலிலோ பாம்புகள் பெரும்பாலும் முழுக் கறுப்பு. உரித்துப் போட்ட சட்டைகளைச் சேகரித்துச் சோதித்தபோது விடை கிடைத்தது. தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனின் உலோகங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கறுத்த தோலில் துத்தநாகமும் ஆர்செனிக்கும் போன்ற தனிமங்கள் கூடுதலாக இருந்தன. கறுத்த பாம்புகள் அடிக்கடி சட்டை உரிக்கவும் செய்கின்றன. நஞ்சைத் தோலில் ஏற்றிக் கழற்றி எறிகிறது பாம்பு. பாரிஸ் நகரப் புறாக்களிலும் கறுப்பு கூடிய பறவைகளின் இறகில் துத்தநாகம் அதிகம் இருப்பது தெரியவந்திருக்கிறது.

பறவைகளுக்குப் பொதுவாகவே இறகு ஒரு நல்ல வடிகால். இறகின் கெரட்டினில் கந்தகம் நிறைய உண்டு. இறகு முளைக்கும் நாட்களில் ரத்தத்திலிருக்கும் மெத்தில் பாதரசம் (பாதரசத்தோடு கார்பன் சேர்ந்த வடிவம்) அதில் போய் ஒட்டிக்கொள்கிறது; உடம்பிலிருக்கும் பாதரசத்தின் பெரும்பகுதி இப்படி இறகுக்குப் போய்விடும். டால்பினுக்கு இறகும் இல்லை, அடர்ந்த முடியும் இல்லை. அதன் கல்லீரல் மெத்தில் பாதரசத்தை உடைத்து, செலினியத்தோடு சேர்த்து, கரையாத சிறு மணிகளாக மாற்றி வைத்துக்கொள்கிறது. டைமனைட் என்ற பெயரில் பாறையில் கிடைக்கும் தாது அது. உயிருள்ள ஒரு கல்லீரலுக்குள் கனிமம் விளைகிறது! ஆனால் அங்கேயும் செலவு இருக்கிறது: மூளையையும் இதயத்தையும் காக்கும் பல நொதிகளுக்குத் தேவையான செலினியம் பாதரசத்தோடு பூட்டப்பட்டுவிடுகிறது.

வெப்பமும் புரதங்களின் முறுக்கும்

1960களின் தொடக்கத்தில் இத்தாலியில் ஃபெருச்சியோ ரிட்டோசா என்ற ஆய்வாளர் பழ ஈக்களின் குரோமோசோம்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். யாரோ தற்செயலாக இன்குபேட்டரின் வெப்பநிலையைக் கூட்டிவிட்டார்கள். மறுபடி நுண்நோக்கியில் பார்த்தபோது, குரோமோசோமில் முன்பு இல்லாத இடங்களில் வீக்கங்கள் தெரிந்தன. அந்த இடத்து மரபணுக்கள் மும்முரமாக வேலை செய்கின்றன என்பதற்கு அடையாளம் அது. 1962இல் இதை வெளியிட்டார். அந்த மரபணுக்கள் செய்யும் பொருளுக்குப் பின்னால் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று பெயர் வந்தது.

புரதம் என்பது ஒரு குறிப்பிட்ட முறையில் மடிந்தால்தான் வேலை செய்யும். சூடு கூடினால் அந்த மடிப்பு அவிழ்ந்து, ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் அவிழ்ந்ததைப் பிடித்து மறுபடி மடிக்கின்றன. சூடு மட்டுமில்லை, காட்மியம், ஆர்செனிக், தாமிரம் எதுவானாலும் புரதத்தைக் குலைத்தால் இவை கிளம்பிவிடும். அதனால்தான் ஆலைக் கழிவு கலந்த நீரில் வாழும் சிப்பியையும் மீனையும் பிடித்து, இந்தப் புரதத்தை அளந்து, உடல் எவ்வளவு தொல்லைப்படுகிறது என்று கணிக்க முயல்கிறார்கள். ஒவ்வொரு மடிப்புக்கும் ஆற்றல் செலவாகிறது. ஈயின் செல்களில் தேவையில்லாதபோதும் இந்தப் புரதத்தை உற்பத்தி செய்யவைத்தால் செல்கள் பெருகும் வேகம் குறைந்துவிடுகிறது.

அண்டார்டிக் கடலின் டிரெமாட்டோமஸ் பெர்னாக்கி என்ற மீன் இதற்கு எதிர்முனை. பல பத்து லட்சம் ஆண்டுகளாக மாறாத குளிரில் வாழ்ந்து வாழ்ந்து, சூட்டுக்கு எதிராக இந்தப் புரதங்களைக் கூட்டும் திறனையே அது இழந்துவிட்டது. தேவைப்படாத காவலைக் கலைத்துவிட்ட கோட்டை அது. கடலோ இப்போது சூடாகிக்கொண்டிருக்கிறது.

அமைதியான ஒரு வாரம்

உடல் முழுவதையும் தயார்ப்படுத்தும் இன்னோர் ஏற்பாடு ஹார்மோன். மூளை ஆபத்தை உணர்ந்ததும் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசாலையோ கார்ட்டிகோஸ்டீரோனையோ சுரக்கிறது. சர்க்கரை ரத்தத்துக்கு வருகிறது. செரிமானமும் இனப்பெருக்கமும் வளர்ச்சியும் கொஞ்ச நேரம் ஒத்திப்போடப்படுகின்றன. புலி துரத்தும் பத்து நிமிடத்துக்கு இது அருமையான ஏற்பாடு. துரத்தல் நிற்காவிட்டால்தான் வம்பு.

கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலங்களின் சாணத்தைச் சேகரித்து ஹார்மோனை அளந்து வந்தார்கள். கடலில் மிதக்கும் சாணத்தை மோப்பம் பிடிக்கப் படகில் நாய்களை ஏற்றிக்கொண்டு போவார்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு சில நாட்கள் கப்பல் போக்குவரத்து சட்டென்று குறைந்தது. நீருக்கடியில் இரைச்சல் 6 டெசிபல் இறங்கியது. அந்த நாட்களில் எடுத்த சாணத்தில் அழுத்த ஹார்மோனின் அளவும் இறங்கியிருந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் அதே பருவத்தில் அந்த இறக்கம் இல்லை. அதாவது, அந்தத் திமிங்கிலங்களின் வழக்கமான நாளே பதற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நாம் அதைத்தான் இயல்பு நிலை என்று அளந்துகொண்டிருந்தோம். இந்த ஆய்வைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகிறது.

கலாபகோஸ் தீவுகளின் கடல் உடும்புகளில் இந்த ஹார்மோனின் இரு முகமும் தெரிகிறது. கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் அவை தின்னும் கடற்பாசி அழிந்து பஞ்சம் வரும்போது உடும்புகள் மெலிவதோடு நீளத்திலும் சுருங்குகின்றன. சில 20 சதவீதம் வரை சுருங்கி, பஞ்சம் தீர்ந்ததும் மறுபடி வளர்கின்றன. அப்படிப்பட்ட உறுதியான பிராணி. 2001 ஜனவரியில் ஒரு கப்பலிலிருந்து எண்ணெய் கசிந்தபோது, சாந்தா ஃபே தீவுக் கரையில் கொஞ்சம்தான் படிந்தது. உடும்புகள் கொத்தாகச் சாகவும் இல்லை. ஆனால் அடுத்த ஓராண்டில் அந்தத் தீவின் உடும்புகளில் 62 சதவீதம் இறந்துபோயின. குடலில் பாசியைச் செரிக்க உதவும் நுண்ணுயிர்களை எண்ணெய் கொன்றிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். பின்னாளில் ஒரு பஞ்சத்தின்போது எந்த உடும்பு பிழைத்தது, எது செத்தது என்று பார்த்தார்கள். அழுத்த ஹார்மோன் எவ்வளவு ஏறியது என்பதைவிட, ஏறியதை எவ்வளவு விரைவாக அணைக்க முடிந்தது என்பதுதான் பிழைப்பைத் தீர்மானித்திருந்தது.

செவுளில் ஓர் இழுபறி

மீனின் செவுள் மூச்சுக்கான உறுப்பு மட்டுமில்லை. உப்பைக் காக்கும் உறுப்பும் அதுதான். அமில மழை ஏரியில் விழுந்தால் செவுளின் வழியே சோடியம் கசிந்து வெளியேறும். மண்ணிலிருந்து கரைந்து வரும் அலுமினியம் செவுளில் படிந்து மூச்சையும் அடைக்கும். மூச்சுக்குப் பரப்பு அதிகம் வேண்டும், உப்பைக் காக்கப் பரப்பு குறைவாக வேண்டும். இரண்டுக்கும் நடுவில்தான் எந்த மீனும் வாழ்கிறது.

குருசியன் கெண்டை இதற்கு ஓர் அழகான விடை வைத்திருக்கிறது. குளிர்ந்த, ஆக்சிஜன் நிறைந்த நீரில் அதன் செவுள் இதழ்களுக்கு நடுவே செல்கள் நிரம்பி, இதழ்கள் வெளியே தெரியாது. ஆக்சிஜன் குறைந்தால் அந்தச் செல்கள் செத்து விலக, இதழ்கள் வெளிப்பட்டு, மூச்சுப் பரப்பு ஏழு மடங்குக்கு மேல் கூடிவிடும். ஆக்சிஜன் அடியோடு தீர்ந்தாலோ, உடலில் சேரும் லாக்டிக் அமிலத்தை எத்தனால் ஆக்கிச் செவுள் வழியே வெளியேற்றும். பனி மூடிய குளத்தில் மாதக்கணக்கில் இப்படித் தாக்குப்பிடிக்கும். ஆனால் கழிவு கலந்த நீரில் ஆக்சிஜன் குறைவும் உலோகமும் சேர்ந்தே வருகின்றன. மூச்சுக்காகத் திறந்த கதவு வழியாகத் தாமிரமும் உள்ளே நுழைகிறது.

தற்காப்பே இல்லாத இடங்கள்

சில சமயம் உடலுக்கு எதிர்க்க வேண்டும் என்றே தோன்றுவதில்லை. கனடாவின் ஒன்டாரியோவில் பரிசோதனைக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகள் இருக்கின்றன. 2001 முதல் 2003 வரை அவற்றில் ஒன்றில், கருத்தடை மாத்திரையில் இருக்கும் செயற்கை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைக் கலந்தார்கள். ஒரு லிட்டருக்கு ஐந்தாறு நானோகிராம்தான், கழிவுநீரில் காணப்படும் அளவு. ஆண் மீன்கள் முட்டைக் கருப் புரதத்தை இயல்பைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் உற்பத்தி செய்யத் தொடங்கின. ஃபாட்ஹெட் மின்னோ என்ற சிறுமீன் ஏறக்குறைய அழிந்துபோனது. நஞ்சு என்ற உருவத்தில் அது வரவில்லை. சொந்த ஹார்மோனின் உருவத்தில் வந்ததால் உடல் சொன்னபடி கேட்டது. கலப்பதை நிறுத்திச் சில ஆண்டுகளில் மீன்கள் மீண்டன என்பது ஆறுதல்.

தெற்காசியாவின் பாறு கழுகுகளுக்கு அந்த ஆறுதல்கூட வாய்க்கவில்லை. அழுகிய இறைச்சியையும் அதிலுள்ள கிருமிகளையும் செரிக்கும் வயிறு அவற்றுக்கு. ஆனால் மாடுகளுக்கு வலி தீரப் போடும் டைக்ளோஃபெனாக் மருந்து, செத்த மாட்டின் உடலிலிருந்து கழுகுக்குள் போனதும், அதை வேகமாக வெளியேற்ற முடியாமல் சிறுநீரகம் செயலிழந்தது. வெளியேற வேண்டிய யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின் மேல் வெள்ளைப் பொடியாகப் படிந்தது. மூன்று இனங்கள் 95 சதவீதத்துக்கு மேல் அழிந்தன. காரணம் 2004இல் தெரியவந்தது. 2006இல் இந்தியா கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. அமெரிக்காவின் வான்கோழிக் கழுகு அதே மருந்தை நூறு மடங்குக்கு மேல் தாங்குகிறது. இரண்டும் பிணம் தின்பவைதான். உள்ளே இருக்கும் நொதிகள் வேறாக இருக்கின்றன போலும். தேனீயிலும் இதே விதிதான்: மற்ற பல பூச்சிகளுக்கு 80க்கு மேல் இருக்கும் பி450 மரபணுக்கள் அதற்கு 46தான். தயாக்ளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லியை முறிக்க அந்த 46இல் ஆள் இருக்கிறது. அதே குடும்பத்து இமிடாக்ளோபிரிடை முறிக்க இல்லை. எந்த மருந்து யாரைக் கொல்லும் என்பது பழைய பரிணாம விபத்துகளைப் பொறுத்தே அமைகிறது.

மறுபடி அந்தத் துறைமுகத்து மீனிடம் வருகிறேன். நஞ்சு அதைக் கொல்லவில்லை. ஆனால் நஞ்சு அதன் உடம்பில்தான் இருக்கிறது. முன்பு முட்டையிலேயே செத்திருக்க வேண்டியது இப்போது கொழுப்பில் பிசிபியைச் சுமந்துகொண்டு வளர்கிறது. அதைப் பெரிய மீனும் கொக்கும் தின்கின்றன. அவற்றின் மணிக் கம்பி அறுபடவில்லை. இப்படி ஏறி ஏறி பிசிபி கடலின் உச்சியில் இருக்கும் ஓர்க்கா திமிங்கிலத்தைச் சேர்கிறது. ஆண் ஓர்க்காவுக்கு இதைக் கழிக்க வழி கிடையாது; சாகும்வரை கொழுப்பில் சேர்ந்துகொண்டே போகும். தாய்க்கு வழி உண்டு. ஓர்க்காவின் பாலில் கொழுப்பு மிக அதிகம். சுமையில் பெரும்பங்கு பாலோடு போய்விடும். முதல் கன்று ஈன்று பாலூட்டிய பிறகு தாயின் உடம்பில் பிசிபி வெகுவாகக் குறைந்திருப்பதை அளந்திருக்கிறார்கள். அடுத்த கன்றுகளுக்குக் குறைவாகவே போகிறது. தாய் பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த பிசிபியில் பெரும்பங்கைக் குடிப்பது அந்த முதல் கன்றுதான்.